மருத்துவமனைகள் பெருகியும் கட்டணம் ஏன் குறையவில்லை?

கேள்வி: திண்டுக்கல்வாசி
எங்கள் சாலையில் ஒரே ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. இப்போது நான்கு. மளிகைக் கடைகள் இப்படிப் பெருகினால் விலை இறங்கும். இங்கே ஸ்கேன் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காக இரண்டு இடங்களில் விசாரித்தேன். புது எந்திரத்தைப் பற்றி ஆர்வமாகச் சொன்னார்கள். அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குச் சீழ் பிடிக்கிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. போட்டியால் நோயாளிக்கு என்ன லாபம்?

பதில்: கணக்குப்பிரிவு
ஒரு சிறிய மருத்துவமனையில் பில் போடும் வேலை பார்த்தவன் நான். முதல் போட்டியே, நோயாளியை எழுதி அனுப்பும் டாக்டரைப் பிடிப்பதில்தான். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். அடுத்தது எந்திரம். எதிர் மருத்துவமனை எம்ஆர்ஐ வாங்கியதும் நாங்களும் வங்கிக் கடனில் வாங்கினோம். ஊரில் ஓர் எந்திரத்துக்குத்தான் நோயாளிகள் இருந்தார்கள். தவணை கட்டியாக வேண்டுமே! சாதாரணத் தலைவலிக்கும் ஸ்கேன் எழுதப்பட்டது. அந்தச் சீட்டுகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் 36. சிக்கலான பிரசவங்கள் பல அரசு மருத்துவக் கல்லூரிக்கே அனுப்பப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியானால் சிசேரியன் அங்கேதானே அதிகமாக இருக்க வேண்டும்?

பதில்: மதுரை வாசகி
போட்டியே வீண் என்று சொல்ல மாட்டேன். 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்புப் பிரிவு மூலம், கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த செலவில் தானே தயாரிக்கத் தொடங்கியது. அதனால் மற்றவர்களும் கட்டணத்தை யோசித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்புரை அறுவையின் பலன் சில நாளில் நோயாளிக்கே தெரிந்துவிடும், கட்டணத்தையும் ஒப்பிடலாம். அப்படிப்பட்ட சிகிச்சையில் போட்டி உதவும்.

இதய ஸ்டென்ட்டில், அதாவது அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயில், போட்டி அப்படி உதவவில்லை. பல நிறுவனங்கள் விற்றன. ஆனால் தேர்ந்தெடுப்பது மருத்துவமனை, பணம் கட்டுவது நோயாளி. 2017 பிப்ரவரியில் அரசு, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்த பிறகுதான் விலை இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு வந்தது. உங்கள் அம்மாவுக்கு வைக்கப்போகும் மூட்டின் நிறுவனப் பெயரையும் விலையையும் பில்லில் தனியாக எழுதித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், ஐயா.

திண்டுக்கல்வாசி
கேட்கிறேன் அம்மா. சீழ் பற்றிய கேள்வியையும் விடப்போவதில்லை. இந்த முறை எழுத்தில் கொடுக்கிறேன்.