பண்டைய எகிப்தைப் பாடும் அமெரிக்க டெத் மெட்டல் குழு நைலின் ‘அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கெட்’ (2005) ஆல்பம்: வாசித்துப் பார்த்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தாழ்சுருதி:
இந்த ஆல்பத்தை கிட்டாரில் எடுக்க உட்காருகிறவர்கள் வேகத்தில்தான் மாட்டுவோம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதற்கு முன்பே, சுருதி சேர்க்கும்போதே மாட்டிக்கொள்வார்கள். கெட்டிக் கம்பியிலிருந்து ஏ, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. அந்தக் கெட்டிக் கம்பியின் ஏ 55 ஹெர்ட்ஸ். வழக்கமான சுருதியில் அதே கம்பி ஈ, 82.4. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும் என்பதால், அதே 0.046 அங்குலக் கம்பியைத் தளர்த்தினால் பழைய இறுக்கத்தில் 45 சதவீதம்தான் மிஞ்சும். துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடும், ஃப்ரெட்டில் பட்டுக் கடகடக்கும்.

ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 25.5 அங்குலம் என்றால் 0.068 போடுங்கள், பழைய இறுக்கம் ஏறக்குறைய அப்படியே திரும்பும். 0.064 கொஞ்சம் தொளதொளக்கும், கை மென்மையாக இருந்தால் ஓடும். 24.75 அங்குலத்தில் இன்னும் 6 சதவீதம் தளரும், அங்கே 0.070.

கம்பி மாற்றியதும் வரிசையாக வரும் தொல்லைகள்: நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளம் 0.046-க்கு வெட்டியது, கம்பி மேலே உட்கார்ந்துகொள்ளும், முதல் ஃப்ரெட் எப்போதும் ஷார்ப்பாகக் கேட்கும். சுருதி முறுக்கும் ஆணியின் துளைக்குள் கம்பி நுழையாமலும் போகலாம். அப்புறம் இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது. சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளிக்கொண்டே போவீர்கள், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் இடிக்கும். அந்த ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். கம்பி அழுத்தமே சேடிலைப் பிடித்துக்கொள்ளும்.

இரட்டைமிதி:
டிரம்ஸ் பக்கம் ஒரு கணக்கு. டிரம்மர் ஜார்ஜ் கோலியாஸ் நைலோடு பதிவுசெய்த முதல் ஆல்பம் இது. டிரிகர் (அடியை மின்குறிப்பாக மாற்றும் சென்ஸர்) வைத்து இதைப் பழகுகிறவர்கள் பாதிப் பேர் ‘கால் ஓடவில்லை’ என்று நொந்துகொள்வார்கள். கால் ஓடும், அந்தக் குறிப்பை ஒலியாக்கும் மாட்யூல்தான் விழுங்கிவிடும்.

பயிற்சிக்கு 240 பிபிஎம் (நிமிடத்துக்கு 240 தாள அடி) எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் சுரங்கள் (ஒரு தாள அடிக்கு நான்கு) என்றால் நொடிக்கு 16 அடி, அடிக்கு அடி 62.5 மில்லிநொடி. இரட்டை பெடல் ஒரே பேடில் அடிக்கும்போது ரீட்ரிகர் மாஸ்க் (ஓர் அடிக்குப் பிறகு அடுத்ததை எண்ணாமல் விடும் நேரம்) 70 மில்லிநொடியில் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும். கேட்க நிதானமான எட்டாம் சுரம் போல இருக்கும், ஆனால் கால் வலிக்கும்! மாஸ்க்கை 40-க்குக் கொண்டுவாருங்கள். 20-க்கும் கீழே போனால் பேடின் அதிர்வையே இரண்டாவது அடியாக எண்ணும். இரண்டு தனி கிக் டிரம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிநொடி இருக்கிறது.

பீட்டரை (பெடலின் அடிக்கும் தலை) முழுவதும் பின்னால் இழுத்து அடிக்காதீர்கள். இந்த வேகத்தில் தொடைக்கு வேலை குறைவு, கணுக்கால்தான் எல்லாம். பெடல் ஸ்பிரிங்கை ஒரேயடியாக முறுக்கினால் வேகம் வரும் என்பது பாதி உண்மை. வலது கால் தாங்கும், இடது கால் நான்காவது சுற்றில் கைவிடும்.

கலவைமேசை:
இரட்டைமிதி சொன்ன 62.5-ஐயும் தாழ்சுருதி சொன்ன 55 ஹெர்ட்ஸையும் பக்கத்தில் வையுங்கள். 55 ஹெர்ட்ஸின் ஓர் அலை முடிய 18.2 மில்லிநொடி. அதாவது ஒரு சுரத்துக்குள் அடிப்படை அலை மூன்றரைச் சுற்றுகூட முடிக்காது. காது சுருதியைப் பிடிப்பதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். வீட்டில் பதிவு செய்தால் ‘குழம்பாக’ வருவதற்குக் காரணம் இதுதான், ஆம்ப் மேல் பழி போடாதீர்கள்.

கிட்டாரில் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸுக்கும் கிக்குக்கும். கெய்ன் (டிஸ்டார்ஷன் அளவு) எவ்வளவு பிடிக்குமோ அதைவிடக் குறைவாக. இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு தடவை தனித்தனியாக வாசித்துப் பதியும்போது அடர்த்தி தானாக வரும். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது நடுவில்தான் கேட்கும். நீல் கெர்னான் தயாரித்த மூலத்தை ஹெட்ஃபோனில் ஒரு காதை மூடிக் கேளுங்கள், ஒரு பக்க கிட்டார் தனியாக எவ்வளவு மெலிவு என்று தெரியும்.

இன்னொன்று: தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் முதல் நொடியில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். டியூனரில் மெல்ல மீட்டிச் சேர்த்துவிட்டு ஓங்கி வாசித்தால் எல்லாம் ஷார்ப். வாசிக்கும் பலத்திலேயே அடித்து, அந்த முதல் அடிக்குச் சேருங்கள்.

வகுளாபரணன்:
‘எகிப்திய ஸ்கேல்’ என்று இணையத்தில் விற்கப்படுவதைப் பற்றி. ஃபாரோக்கள் காலத்து இசையை இப்படித்தான் வாசித்தார்கள் என்று சொல்லும் சுரக்குறிப்பு எதுவும் நம் கையில் இல்லை. யாழ்கள், சிஸ்ட்ரம் என்னும் கைக்கிலுக்கி, துத்தன்காமன் கல்லறையின் இரண்டு எக்காளங்கள் எல்லாம் கிடைத்தன; அந்த எக்காளங்களை 1939-இல் பிபிசிக்காக ஊதியும் பார்த்தார்கள். பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. நைல் பயன்படுத்தும் ‘கிழக்கத்திய’ நிறம் பின்னாளைய அரபு இசையின் ஹிஜாஸ் வகை. மேற்கே ஃப்ரிஜியன் டாமினன்ட் என்பார்கள். நமக்கு 14-ஆவது மேளம், வகுளாபரணம்: ச ரி1 க3 ம1 ப த1 நி2. ஏ-யை ஆதாரமாக வைத்தால் ஏ, பி ஃப்ளாட், சி ஷார்ப், டி, ஈ, எஃப், ஜி.

இங்கேதான் கர்நாடகக் காது உள்ளவர்கள் சறுக்குவார்கள். இந்தச் சுருதியில் கீழ் மூன்று கம்பி ஏ-ஈ-ஏ, ஒரே விரலில் பவர் கார்டு (சுரமும் அதன் பஞ்சமமும்). அதை அப்படியே மேளத்தின் மேல் ஓட்டினால் ஏழில் மூன்று இடத்தில் அந்நிய சுரம் நுழையும். க3 மேல் கார்டு வைத்தால் நி3 வரும். ப மேல் வைத்தால் ரி2. த1 மேல் வைத்தால் க2. மற்ற நான்கும் சுத்தம். ‘தப்பா எடுத்துட்டேனோ’ என்று குழம்ப வேண்டாம், அந்த உரசல்தான் டெத் மெட்டல். ராகம் தெளிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கம்பியில் வாசியுங்கள். ரி1-இல் கமகம் போடாதீர்கள், டிஸ்டார்ஷனில் சட்ஜமும் அதுவும் கூழாகிவிடும்.

பாப்பிரஸ்:
அப்படியானால் எகிப்து எங்கே இருக்கிறது என்றால், எழுத்தில். நைலின் குறுந்தகடு வாங்கினால் குழுவின் கிட்டார் கலைஞர் கார்ல் சாண்டர்ஸ் எழுதிய பாடல் விளக்கங்களைப் படியுங்கள், ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

தேடும்போது எழுத்துக்கூட்டல் கவனம். பாடல் தலைப்பில் ‘செபெக்’ என்றிருக்கும். அது 1895-இல் ஆனியின் பாப்பிரஸை (இறந்தோர் நூலின் ஒரு சுருள்) மொழிபெயர்த்த எகிப்தியவியலாளர் வாலிஸ் பட்ஜ் கால எழுத்து. இன்றைய நூல்களில் சோபெக், முதலைத் தெய்வம். கோம் ஓம்போ கோயிலும் ஃபையூமும் அவருடைய இடங்கள். ‘உவாமெந்தி’யும் பட்ஜ் எழுத்துதான்: இறந்தோர் நூல் 125-ஆம் அத்தியாயத்தில், இறந்தவர் ‘நான் இந்தக் குற்றம் செய்யவில்லை’ என்று 42 பேர் முன் சொல்கிறாரே, அவர்களில் ஒருவர். ‘உசெர்மாஅத்ரே’ இரண்டாம் ராம்செஸின் அரியணைப் பெயர்.

துவாத்தின் (எகிப்தியர் நம்பிய பாதாள உலகம்) எரிகுழிகள் பற்றிய பாடலுக்கு, அங்கே சூரியன் போகும் இரவுப் பயணத்தை மணி மணியாகச் சொல்லும் அம்துவாத் நூலின் பதினோராம் மணியைப் பாருங்கள். பகைவர்களைத் தீக்குழியில் போட்டுப் பெண் தெய்வங்கள் காவல் நிற்கும் படம் அங்கே உண்டு. முழு அம்துவாத்தும் ஃபாரோ மூன்றாம் துத்மோஸின் கல்லறைச் சுவரில், அரசர்கள் பள்ளத்தாக்கின் கேவி34-இல் இருக்கிறது. பாப்பிரஸ் சுருளை அப்படியே விரித்து ஒட்டியது போன்ற கோட்டோவியம். அதில் நான்காம், ஐந்தாம் மணிகள் இறந்தோரின் தெய்வமான சொகரின் நிலம். நீர் கிடையாது, மணல்தான். சூரியனின் படகே பாம்பாக மாறி, கயிறு கட்டி இழுபட்டுப் போகும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலைப்புப் பாடலின் மெதுவான பகுதிகளைக் கேளுங்கள், ரிஃப் ஏன் இப்படி இழுபடுகிறது என்பது பிடிபடும்.

ஒரு பொறி: கடைசிப் பாடலின் ஜெர்மன் தலைப்பை எகிப்தியவியலில் தேடி அலையாதீர்கள். அது அமெரிக்கத் திகில் கதைகளில் வரும் கற்பனை நூல். 1998 ஆல்பத்தின் நெஃப்ரென்-காவும் அப்படியே, வரலாற்றில் இல்லாத ஃபாரோ.

தாழ்சுருதி:
புதிய கம்பிக்கு ஏற்ப நட்டின் பள்ளத்தைத் தேய்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். பழைய கம்பியைச் சுற்றிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டாம், பள்ளம் அகலும், ஆழமும் கூடிவிடும். வட்ட முனை நட் ஃபைலால், தலைப்பக்கம் லேசாகச் சாய்த்து, பத்துத் தடவை தேய்த்ததும் கம்பியை வைத்துப் பாருங்கள். மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு காகிதத் தாள் நுழையும் இடைவெளி வேண்டும். அது வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே போனால் வெறும் கம்பி கடகடக்கும், நட்டையே மாற்ற வேண்டிவரும். மிதக்கும் டிரெமோலோ (ஸ்பிரிங்கில் அசையும் பிரிட்ஜ்) உள்ள கிட்டார் என்றால் பின்னால் மரத்துண்டு வைத்து அடைத்துவிட்டுத்தான் இந்த வேலையெல்லாம்.