உலோகப் பங்குகளின் பி.இ. விகிதம் 6தான், வைத்திருக்கலாமா?

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்):
வணக்கம். தோல் பதனிடும் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பி.எஃப். தொகையில் சரிபாதியைப் போன ஆண்டின் தொடக்கத்தில் எஃகு, அலுமினியம், சுரங்க நிறுவனப் பங்குகளில் போட்டேன். பி.இ. விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 6, 7 என்று இருந்ததால் மலிவு என்று எண்ணினேன். இரண்டு ஆண்டுகளில் சத்துவாச்சாரி மனையில் வீடு கட்டத் தொடங்க வேண்டும். உலோக விலை இறங்கினாலும் பொறுத்திருந்தால் சந்தை ஏறிவிடும் என்கிறார்களே, சரிதானா?

காட்பாடி வாசகர்:
ஐயா, உலோகத் துறையில் குறைந்த பி.இ. பெரும்பாலும் எச்சரிக்கைதான். பங்கு விலை 600 ரூபாய், ஒரு பங்குக்கான ஆண்டு லாபம் 100 ரூபாய் என்றால் விகிதம் 6. உலோக விலை சரிந்து லாபம் 10 ரூபாயாகக் கரைந்தால், பங்கு பாதியாகி 300க்கு வந்த பிறகும் விகிதம் 30 ஆகிவிடும். அதாவது, உலோக விலை ஏறி இறங்கும் சுழற்சியின் உச்சத்தில்தான் இப்பங்குகள் மிக மலிவாகத் தோன்றும். இத்தகைய பண்டங்களின் விலை சரியும் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள்: 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அந்த டிசம்பரிலேயே 40 டாலருக்குக் கீழே போனது.

பேரணாம்பட்டு வாசகர்:
அண்ணா, நம் தொழிலிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்டர் குவிந்தபோது எங்கள் பக்கத்தில் ஆளாளுக்குக் கடன் வாங்கித் தோல் பதனிடும் சுழல் உருளையான டிரம்களைக் கூடுதலாகப் போட்டோம். அவை சுழலத் தொடங்கிய 2008 இறுதியில் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கின. உச்ச விலைக்கு வாங்கி உப்பிட்டு அடுக்கிய பச்சைத் தோல் கிடங்கிலேயே கிடக்க, வங்கி வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறியது. சுரங்கமும் அப்படித்தான். விலை ஏறிய காலத்தில் தோண்டத் தொடங்குவது சில ஆண்டுகள் கழித்துத்தான் சந்தைக்கு வரும். தேவை அதுவரை காத்திருப்பதில்லை.

ஆரணி வாசகர்:
பொறுத்தால் ஏறும் என்பதில் உண்மை உண்டு, ஆனால் எத்தனை ஆண்டு என்பதுதான் கேள்வி. 1992 ஏப்ரலில் 4,400ஐத் தாண்டிய சென்செக்ஸ், 2003 ஏப்ரலில் 3,000 அளவில் நின்றது. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் கடந்தது. பண்டங்களின் விலை இறங்கினால் எல்லாப் பங்குகளும் விழும் என்று நான் சொல்லவில்லை; கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், எண்ணெய் மலிந்தால் பெயின்ட், டயர் நிறுவனங்களுக்குச் செலவு குறையும். உங்கள் பணமோ சுரங்கத்தின் பக்கம் இருக்கிறது, வீட்டுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அந்தத் தொகையை மட்டுமாவது வெளியே எடுத்து வங்கி வைப்பில் போடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:
நன்றி. டிரம் கணக்கை எழுதியவனே நான்தான். பங்கு வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கான பங்குகளை விற்றுவிடுகிறேன். வரி எப்படி?

காட்பாடி வாசகர்:
ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 விழுக்காடு. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கும் கிடைக்கும். வரிக்காக மட்டும் அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், ஐயா.