நள்ளிரவில் திரிந்த பால்

தைப்பேயில் முதுகலை படித்தபோது, முதல் குளிர்காலம் முழுவதும் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வெளியே வர இரவு ஒரு மணியைத் தாண்டிவிடும். கோங்குவான் பகுதியின் உணவுக் கடைகளில் பெரும்பாலானவை அதற்குள் அடைத்துவிடுவதால், இரவு முழுவதும் திறந்திருக்கும் பல்பொருள் கடைகளில் சோயா சாஸும் தேயிலையும் கலந்த நீரில் கொதித்துக்கொண்டிருக்கும் முட்டைகளே எனக்கு உணவாயின. மூன்று வாரங்களில் அந்த வாசனையே வெறுத்துப்போன நிலையில், உடன் படித்த தைவான் நண்பர் என்னை மிதிவண்டியில் ஃபூஹ பாலத்தைக் கடந்து யோங்ஹவுக்கு அழைத்துச் சென்றார்.

யோங்ஹ சோயா பாலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1949-ஐ ஒட்டிச் சீனாவின் வடபகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய காலை உணவுக் கடைகளால் வந்த பெயர் அது. காலை உணவு எப்படி நள்ளிரவு உணவாயிற்று என்பதற்கு நண்பர் சொன்ன விளக்கத்தில் பேஸ்பால் வந்தது. 1969-இல் தைச்சுங் நகரச் சிறுவர் அணி அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டில் லிட்டில் லீக் உலகத் தொடரை வென்ற பிறகு, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஆட்டங்களைக் காண மக்கள் தைவானில் நடு இரவில் விழித்திருந்தார்களாம். பசித்தவர்களுக்காகக் கடைகளும் அடுப்பை அணைக்கவில்லையாம்.

நண்பர் வண்டியை நிறுத்தப் போயிருந்த நேரத்தில், எழுத்துப் புரியாமலேயே விலைப்பட்டியலில் ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டேன். வந்த கிண்ணத்தில் பால் திரிதிரியாகத் திரிந்து கிடந்தது. கெட்டுப்போன பாலைக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, மிகுந்த பணிவோடு அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். கடைக்கார அம்மையார் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேறொரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், ஊறவைத்த காய்த்துண்டுகள், சென்னாக்கூனி, வெங்காயத்தாள் ஆகியவற்றைப் போட்டு, கொதிக்கும் சோயா பாலை உயரத்திலிருந்து ஊற்றிக் காட்டினார். என் கண்ணெதிரிலேயே பால் திரிந்தது. அது உப்பிட்ட சோயா பால், திரியாவிட்டால்தான் குறை. மேலே மிளகாய் எண்ணெயும், யோதியாவ் என்னும் பொரித்த மாவுத்தண்டின் துண்டுகளும் விழுந்தன. முதல் வாயில் புளிப்பும் உறைப்பும் சூடும் ஒன்றாக இறங்கியபோதுதான், முட்டை தின்று கழித்த மூன்று வாரங்களை எண்ணி எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அசைவம் தவிர்ப்போர் சென்னாக்கூனி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில கடைகளில் பன்றியிறைச்சித் துருவலும் தூவுவார்கள். இனிப்புச் சோயா பாலில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் குளிர்ந்த இரவில் அது எனக்கு ஒருபோதும் போதவில்லை. அடுத்த முறை நான் தனியாகச் சென்றபோது, அந்த அம்மையார் எதுவும் கேட்காமல் வினிகர் புட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.