ரேடியோவில் கேட்டுவிட்டு நேரில் போய்க் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

பாளையங்கோட்டையிலிருந்து:

காலையில் பால் வாங்கப் போகும்போது என் காதில் ஓடுவது ஜாஸ். வீட்டில் கேலி பண்ணி ஓய்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊரிலிருந்து வரும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் என்கிற சமூக வானொலி அது. 1980-இல் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்களுக்கு 90.7 எஃப்எம், நமக்கு இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. பாட்டுப் போட்டுப் பேசுகிறவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை, இசைப் பைத்தியம் பிடித்த ஊர்க்காரர்கள்தான். செலவுக்கு நேயர்களிடம் கை நீட்டுவார்கள். அந்த வசூல் நாட்களில் பாட்டுக்கு நடுவே பணம் கட்டச் சொல்லிப் பேசுவது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது ஊர்ப் பெரியவர் மைக்கைப் பிடித்த மாதிரியே இருக்கும்.

வாரம் முழுக்க ஜாஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழைய பாணி ஜாஸுக்கு ஒரு நேரம், புளூஸுக்கு ஒரு நேரம், ஞாயிறு காலையில் தேவாலயப் பாட்டு, அது முடிந்தால் லூசியானா கிராமங்களின் அக்கார்டியன் பாட்டு. அவர்களுடைய ஞாயிறு காலை நமக்கு ஞாயிறு ராத்திரி. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரத் தோதான நேரம்.

ஆனால் நான் காத்திருந்து கேட்பது பாட்டை இல்லை. ஒற்றைப்படை மணி ஆனதும் ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி எந்த இடத்தில் யார் வாசிக்கிறார்கள், எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். அவர்களுடைய ராத்திரி ஏழு மணிப் பட்டியல் எனக்கு விடியற்காலையில் வரும். போகவே முடியாத கச்சேரிகளின் பட்டியலைப் பால் சொம்போடு நின்று கேட்கிறேன். கேட்கிறவனை வீட்டைவிட்டுக் கிளப்புகிற ரேடியோ என்றால் இதுதான் என்று பொறாமையாக இருக்கும்.

நம்ம பக்கத்தில் ரேடியோவில் ஒருவரைக் கேட்டுவிட்டு, அப்புறம் அவரைத் தேடிப் போய் நேரில் கேட்ட அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? ஜாஸ்தான் வேண்டும் என்றில்லை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், பேண்டு, எதுவானாலும் சரி.

சேரன்மகாதேவியிலிருந்து:

எங்கள் ஊருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷன் காருகுறிச்சி. நாதஸ்வர வித்வான் அருணாசலம் அண்ணாச்சியின் ஊர். அதனால் இந்தப் பேச்சை நான் விடமாட்டேன்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ஆம் தேதி ஆரம்பம். காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல் காலமானார். சொந்த ஊருக்கு ரேடியோ வந்து சில மாதத்தில் ஆள் இல்லை. என் தகப்பனார் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். ஆனால் மற்ற நிலையங்களில் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு அழைப்பே இல்லாமல் பந்தலுக்கு வெளியே போய் நின்று கேட்ட கூட்டத்தில் என் தகப்பனாரும் ஒருவர்.

என் அனுபவம் வில்லுப்பாட்டு. எங்கள் பக்கம் கொடை நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, "வானொலி புகழ்" என்று போட்டு அடுத்த வரியில் வில்லிசைக் குழுவின் பேர். வானொலியில் குரல் தேர்வுக்குப் போய் 'பி' கிரேடு வாங்கிவிட்டால் போதும், கடைசிவரைக்கும் அந்த இரண்டு சொல் கூடவே வரும். சம்பளமும் கொஞ்சம் ஏறும். ஆக, நம்ம ஊரிலும் ரேடியோதான் ஆளை நோட்டீஸில் ஏற்றியது, பட்டியல் வாசிக்கவில்லை என்பதுதான் குறை.

அப்படி ஒரு குழுவை மத்தியான நேரத்தில் ரேடியோவில் கேட்டேன். சுடலைமாடன் கதையில் ஒரு துண்டு. கச்சிதமாக ஆரம்பித்து, நேரத்துக்கு முடித்தார்கள். பிடித்துப்போய், அதே குழு வருகிறது என்று தெரிந்து ஓர் ஆடி வெள்ளிக்கிழமைக் கொடைக்குப் போனேன்.

அங்கே கேட்டது வேறே ஆளோ என்று தோன்றிவிட்டது. சாமியாடுகிற கோமரத்தாடி கோயில் முன்னால் வந்து நின்றாச்சு, ஆனால் உடம்பில் அசைவில்லை. பாடிக்கொண்டிருந்த அம்மா கதையை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு வரி. அதையே திரும்பப் பிடிக்கிறார், ஒரு தடவை மேலே தூக்கி, ஒரு தடவை பாதியில் ஒடித்து, ஒரு தடவை பேச்சு மாதிரி அதட்டி. வீசுகோல் வில்லில் விழுகிற வேகம் கூடுகிறது, குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அறைகிறார், உடுக்கைக்காரர் அந்த அம்மாவின் முகத்தை மட்டுமே பார்க்கிறார். பாடுகிறவரோ கோமரத்தாடியின் கால் விரலைப் பார்க்கிறார். விரல் துடித்தது. அந்த நொடியில் தாளம் மாறியது பாருங்கள், யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. சாமி இறங்கியபிறகு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

ரேடியோவில் இது வராது. வரவும் முடியாது, அங்கே கடிகாரம்தான் கோமரத்தாடி. ஜாஸ்காரர்கள் கையில் இருக்கிற ஒரு மெட்டை அந்த இடத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்றபடி நீட்டியும் உடைத்தும் வாசிப்பார்கள் என்கிறார்கள். அப்படியானால் இந்த அம்மா செய்தது என்ன? பாளையங்கோட்டை அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

உவரிப் பக்கத்திலிருந்து:

கப்பலில் மோட்டார்மேனாக இருந்தேன். நியூ ஆர்லியன்ஸ் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மிசிசிப்பி ஆற்றுக்குள் தானியம் ஏற்றப் போயிருந்தோம். துறைமுகத்தில் மாலுமிகளை ஊருக்குள் கூட்டிப்போக ஒரு வேன் வரும். ஞாயிற்றுக்கிழமை. வேன் ஓட்டியவர் வயசான கறுப்பினத்தவர், ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் கவனமாகக் கேட்டார். ஏதோ தெருப் பேராகச் சொல்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு, "கடைக்குப் போய் என்னத்த வாங்கப் போறீங்க, நான் வேற இடத்துல இறக்கி விடுறேன்" என்கிற மாதிரி சொல்லி ஒரு முக்கில் இறக்கிவிட்டார்.

அங்கே வந்தது அவர்கள் 'செகண்ட் லைன்' என்று சொல்லும் ஊர்வலம். முன்னால் ஒரு சங்கத்து ஆட்கள், தலை முதல் செருப்பு வரை ஒரே நிறத்தில் உடுத்தி, கையில் இறகு விசிறி. பின்னால் பேண்டு. அதற்கும் பின்னால் வருகிற பொதுஜனம்தான் இரண்டாவது வரிசை, அதாவது நாம். அந்தச் சங்கங்கள் முன்காலத்தில் ஏழைக் கறுப்பின மக்கள் காசு சேர்த்து, நோய்க்கும் சாவுக்கும் உதவ வைத்தவை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். வருஷத்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் ஏதாவது ஒரு சங்கத்தின் முறை வரும். நாலு மணி நேரம் நடக்கும். வழியை ரேடியோ சொல்லிவிடும்.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது பெரிய டிரம் அடித்தவர். டிரம்மின் மேல் ஒரு தாளத் தட்டு மாட்டியிருக்கிறது. ஒரு கையில் கொட்டுக் கட்டை, இன்னொரு கையில் ஸ்குரூ டிரைவர்! அதன் கம்பியால் அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே நடக்கிறார். எஞ்சின் ரூமில் நாள் பூராவும் ஸ்குரூ டிரைவர் பிடித்த எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லத் தெரியவில்லை. தோளைச் சுற்றி மாட்டிய பெரிய பித்தளைக் குழல் ஒன்று தரையே அதிரும்படி அடிக்குரல் கொடுக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷக்காரர் செட்டுக்குப் பின்னால் ஆடிப்போன கால், அங்கேயும் தானாகப் போய்விட்டது. திரும்ப அதே வேனில் கப்பலுக்கு வந்தேன். ரேடியோ மட்டும் இல்லையென்றால் நான் அன்றைக்கு ஷாம்பு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

பாளையங்கோட்டை, இன்னொருவர்:

நியூ ஆர்லியன்ஸில் சாவுக்கும் பேண்டு உண்டு. இணையத்தில் ஒளிப்பதிவுகள் கிடைக்கின்றன, பாருங்கள். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, கனமாக ஞானப்பாட்டு. உடலை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது துள்ளல் மெட்டு, குடையை விரித்துக்கொண்டு ஆட்டம்.

நம்ம பக்கத்தில் இது தலைகீழ். வயசாகிப்போன கல்யாணச் சாவு என்றால் கொட்டும் ஆட்டமும் வெடியும் எல்லாம் போகும்போதுதான். திரும்பும்போது குளித்துவிட்டு யாரும் யாரிடமும் பேசாமல் வீட்டைப் பார்க்க நடப்பார்கள். எங்கள் சர்ச் வீடுகளில் இன்னும் அடக்கம். என் பாட்டி இறந்தபோது பேண்டுக்காரர்கள் கீர்த்தனை வாசித்துக்கொண்டு முன்னால் போனார்கள். கிளாரினெட் வாசித்தவர் தாத்தா மாதிரி ஒருவர், கர்நாடக ராகத்தில் இருக்கிற கீர்த்தனையை அதன் குழைவோடு இழுத்தார். இந்த ஊரில் 1774-இல் பிறந்த, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நமக்குக் கீர்த்தனை இப்படித்தான் பழக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் வாத்தியத்தைப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வரும் வழிக்கு நமக்கு இசை கிடையாது.

எது சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் திரும்பி வரும் நடைதான் ரொம்பக் கஷ்டம் என்பது எடுத்துப்போனவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர்கள் பேண்டை வைத்திருக்கிறார்கள்.

முக்கூடல் பக்கத்திலிருந்து:

கணியான் கூத்துக்கு மகுடம் என்கிற தோல் கொட்டு அடிக்கிற குடும்பம் நாங்கள். எல்லாரும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கொடைகளில் இப்போது ஆர்க்கெஸ்ட்ராவுக்குத்தான் நல்ல நேரம். கணியானுக்கு மிஞ்சின நேரம். ஓலையைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சி, உச்ச மகுடமும் மந்த மகுடமும் சுதி சேர்த்து வைத்திருப்போம். "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ரெண்டு பாட்டு" என்பார்கள். அதற்குள் தோல் மறுபடி தளர்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஸ்பீக்கர்காரரிடம் மைக் கேட்டால் முறைப்பு.

எங்கள் அப்பா காலத்தில் சில ஊர்களில் ஆட்டம் முடிந்தபிறகு சாப்பாடு தனியாகத்தான். நியூ ஆர்லியன்ஸிலும் அந்தக் காலத்தில் வாசிக்கப் போன கறுப்பினக் கலைஞர்கள், அதே இடத்தில் மேஜைக்கு உட்கார முடியாது என்று படித்திருக்கிறேன். கொட்டு மட்டும் வேண்டும், கொட்டுகிறவன் வேண்டாம் என்பது அங்கேயும் இருந்திருக்கிறது.

தென்காசியிலிருந்து:

சேரன்மகாதேவி அண்ணாச்சிக்கு: சார்லி மரியானோ என்று ஓர் அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர், 1923-இல் பிறந்து 2009-இல் காலமானவர். நாதஸ்வரமே கற்றுக்கொண்டு, ஜாஸ் இசைத்தட்டுகளில் வாசித்திருக்கிறார். ஜாஸ் சாக்சபோனை முதலில் கேட்டபோது எனக்கு வெறும் இரைச்சல். அவர் நாதஸ்வரத்தை எடுத்து வாசித்ததைக் கேட்டபிறகுதான், மூச்சை எங்கே பிடிக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்று கவனிக்கவே தோன்றியது. இந்தப் பக்கம் பாருங்கள், கத்ரி கோபால்நாத் அதே சாக்சபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். இப்போது தென்காசிப் பக்கத்துக் கல்யாணங்களில்கூட நாதஸ்வரம் இருந்த இடத்தில் சாக்சபோன். எனக்கு அதில் அரை மனசுதான். வெட்டவெளிக்கு நாதஸ்வரத்துக்கு ஈடில்லை.

பட்டியல் வாசிக்கும் ரேடியோ நமக்கும் கிடைக்காதா என்றால், சட்டத்தில் வழி இருக்கிறது. 2006-லிருந்து தன்னார்வ அமைப்புகளும் சமூக வானொலி உரிமம் கேட்கலாம். பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். ஒலிபரப்புத் திறன் 100 வாட்தான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் பெரிது. அது போதுமே! சைக்கிளில் போகிற தூரத்துக்குள் நடக்கிற கொடையைத்தானே சொல்லப்போகிறோம். ஆடியில் செவ்வாய், வெள்ளியில் மட்டும் வாசித்தாலே அரை மணி நேரம் ஓடும்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடி:

சேரன்மகாதேவி அண்ணாச்சி, அந்த அம்மா செய்தது அதேதான். ஜாஸில் கூட்டம் கை தட்டும், இங்கே கோமரத்தாடி எழும்ப வேண்டும். கஷ்டம் இங்கேதான் அதிகம்.

முக்கூடல் தம்பி, உங்கள் குழுவுக்கு அடுத்த கொடை எந்த ஊர், எந்தக் கிழமை என்று இங்கேயே போடுங்கள். ரேடியோ வரும்போது வரட்டும், பட்டியலை நாமே ஆரம்பித்துவிடலாம். உச்ச மகுடம் காய்ச்சுகிற நேரத்துக்கே வந்துவிடுகிறேன், ஆர்க்கெஸ்ட்ரா முடிகிறவரை உங்களோடு இருக்கலாம்.

நியூ ஆர்லியன்ஸ் நிலையத்தைக் கேட்க நினைக்கிறவர்களுக்கு: அவர்கள் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். அதனால் ராத்திரி ஏழு மணிப் பட்டியல் நமக்குக் கோடையில் காலை ஐந்தரைக்கு, மழைக்காலத்தில் ஆறரைக்கு.