கொலுசுப் பட்டறை ஸ்டாக் மாடுலை சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போட்டோம், எடை மைனஸில் வருது. உதவி தேவை

செவ்வாய்பேட்டைவாசி:
வணக்கம். வெள்ளிப் பட்டறைகளுக்கு எங்க டீம் எழுதின ஸ்டாக் மாடுல் (சரக்கு இருப்புக் கணக்கு வைக்கிற புரோகிராம் பகுதி) பல வருஷமா நல்லா ஓடுது. இப்போ ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக்கு அதையே போட்டோம். ஒரு டன் மரவள்ளிக் கிழங்கு சரியா பதிவாகுது. 3 டன் போட்டா -1,294.967 கிலோன்னு காட்டுது! எழுதினவர் வேலை மாறிட்டார், குறிப்பும் இல்லை. அடுத்து ஏற்காடு காபி எஸ்டேட் ஒண்ணும் கேட்டிருக்காங்க. மூணுக்கும் ஒரே புரோகிராம் கோடு போதும்ங்கிறார் முதலாளி. சரிவருமா?

பிட்டுக்குப் பிட்டு:
எடையை மில்லிகிராமா, 32 பிட் முழு எண்ணில் (32 இரும இலக்கத்துக்குள்ள அடங்குற எண்) வெச்சிருக்கீங்களா? அதன் உச்சம் 2,147,483,647. கிலோவில் 2,147 சொச்சம். தாண்டினா மைனஸுக்குச் சுத்திடும். உங்க 3 டன் கணக்கு அப்படியே பொருந்துது.

செவ்வாய்பேட்டைவாசி:
அதேதாங்க! 64 பிட் ஆக்கினா முடிஞ்சுதா?

மலையடிவாரம்:
இந்தப் பிழை போயிடும். ஆனா கொலுசுக்குன்னு வெச்ச மற்ற அனுமானங்களையும் தேடுங்க. 1996 ஜூன் 4 அன்னிக்கு ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகலை, சிதறிப்போச்சு. ஏரியன் 4இல் ஒழுங்கா ஓடின மென்பொருளை அப்படியே எடுத்து வெச்சிருந்தாங்க. புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த மதிப்பு 16 பிட்டில் அடங்கலை. புது ராக்கெட்டின் பாதைக் கணக்கை வெச்சு அதை யாரும் சோதிக்கலை. இதில் எனக்கு ரொம்ப வலிக்கிறது என்னன்னா, கிளம்பின பிறகு அந்தக் கணக்கே ஏரியன் 5க்குத் தேவையில்லை.

உங்க மாடுலில் டச் (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி, வெள்ளியாவே நிக்கிற பாக்கி எல்லாம் இருக்கும். கிழங்குக்கு விலையே மாவுச்சத்து பாயிண்ட்டை வெச்சுதான். அங்கே அதுக்கெல்லாம் என்ன வேலை? பார்ட்டி லெட்ஜர், ஜிஎஸ்டி பில், லாகின், பேக்கப் மட்டும் பொதுவா பிரிச்செடுங்க.

பழைய புரோகிராமர்:
முதலாளிகிட்ட செலவையும் சொல்லுங்க தம்பி. தனக்குன்னு எழுதின புரோகிராமைப் பிறரும் பயன்படுத்துற பொருளாக்க குறைஞ்சது மூணு மடங்கு ஆகும்னு மென்பொருள் நிபுணர் ஃபிரெட் புரூக்ஸ் 1975லயே எழுதிட்டார். பொதுப் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர், பதிப்பு எண், டெஸ்ட் மூணும் வேணும். அந்த ஆளுக்கு நேரமும் ஒதுக்கணும். இல்லைன்னா சேகோவுக்குத் திருத்தினது கொலுசை உடைக்கும். எஸ்டேட் வேலையும் பார்த்த பிறகு லைப்ரரி (எல்லா புரோகிராமும் எடுத்துக்கிற பொதுக் கோடு) ஆக்குங்க. எது உண்மையிலேயே பொதுன்னு அப்பதான் தெரியும்.

செவ்வாய்பேட்டைவாசி:
நன்றிங்க. 64 பிட் மாத்தி 12 டன் டெஸ்ட் போட்டேன், சரியா வருது. பழைய மைனஸ் பதிவுகளோட ஒரு முழுச் சுத்துக்கான 4,294.967 கிலோவைக் கூட்டிட்டா போதுமா?

பிட்டுக்குப் பிட்டு:
வேண்டாம்! 8 டன் லோடு ரெண்டு சுத்து சுத்தியிருக்கும். 5 டன் லோடு 705.033 கிலோன்னு நல்ல எண் மாதிரியே நிக்கும், கண்ணில் படாது. ஆலையில் வேபிரிட்ஜ் (லாரி எடைமேடை) சீட்டு வாங்கி எல்லா லோடையும் ஒத்துப் பாருங்க. அதுவரைக்கும் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கை வெச்சு பணம் பட்டுவாடா பண்ணாதீங்க.