மில்லில் இருந்து சைட் வரைக்கும் பொருள் விவரம் சிதையாமல் போக என்ன வழி?

வேலந்தாவளம் கடைக்காரர்:

வணக்கங்க. பார்டரிலேயே கடை. கம்பி, சிமெண்ட், பைப், ஒயர், டைல்ஸ் எல்லாம் உண்டு. பாதி லோடு கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு பக்கம் போகும், மீதி கோவை, பொள்ளாச்சிக்கு. இப்போது பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு சப்ளை எடுத்திருக்கிறோம். பில்லும் சர்டிபிகேட்டும் போதாது, ஒவ்வொரு பொருளின் விவரமும் அவர்கள் சொல்லும் தலைப்புகளில் எக்செல்லில் வேண்டும், கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடலில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

ஆனால் எங்களுக்கு வருவது என்ன? கம்பி செய்யும் மில், டெஸ்ட் சர்டிபிகேட்டை ஸ்கேன் செய்து டீலருக்கு அனுப்புகிறது, டீலர் அதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்து, நாம் கேட்கும்போது போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போடுகிறார், அதைப் பார்த்து இங்கே ஒருவர் உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும். போன வாரம் வந்த 12 எம்எம் கம்பிக் கட்டில் தொங்கிய தகட்டில் கிரேடு 500டி என்று இருக்கிறது, டீலர் அனுப்பிய பட்டியலில் வெறும் 500. பில்லைப் பார்த்தால் வரிக்கான எச்எஸ்என் கோடு 7214, எடை, விலை, அவ்வளவுதான். ஈ-வே பில்லிலும் அதேதான். வரிக்கு அது போதும், கட்டடத்துக்குப் போதாது. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி செய்ய முடியுமா? பெரிய சாஃப்ட்வேர் ஏதாவது வாங்க வேண்டி வருமா?

பாலக்காடு சைட் இன்ஜினியர்:

அண்ணா, அந்த 'டி' சின்ன விஷயம் இல்லை. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 படி 500க்கு எலாங்கேஷன் (அறுவதற்கு முன் கம்பி நீளும் அளவு) குறைந்தது 12 சதவீதம், 500டிக்கு 16. நில அதிர்வைத் தாங்கும்படி கம்பி கட்டச் சொல்லும் ஐஎஸ் 13920, 14.5க்கு மேல் கேட்கிறது. ஒரு எழுத்து விட்டுப்போனால் நல்ல கம்பி, பேப்பரில் ஆகாத கம்பி ஆகிவிடும். இதே தலைகீழாக நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் அந்தத் தகட்டை போட்டோ எடுத்து வையுங்கள். அதில் ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய இரும்பின் எண்) அல்லது லாட் நம்பர், கிரேடு, சைஸ் மூன்றும் இருக்கும். அந்த நம்பர் சர்டிபிகேட்டில் இல்லையென்றால் அந்த சர்டிபிகேட் உங்கள் லோடுக்கு உரியது அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் மில்லின் லைசென்ஸ் நம்பரைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும், ஆனால் உங்கள் லாட்டின் டெஸ்ட் ரிசல்ட் அதில் வராது. சிமெண்டுக்கும் இதே கதைதான், மூட்டையில் அச்சடித்த வாரமும் வருடமும் பட்டியலில் ஏறவே ஏறாது. மூன்று மாதம் தாண்டிய மூட்டையை மறுபடி டெஸ்ட் செய்யாமல் கலக்க விட மாட்டோம், அதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

டைல்ஸ் டீலர், களியக்காவிளை:

எதற்கு இவ்வளவு சுற்று? பெட்டியில் க்யூஆர் கோடு ஒட்டச் சொல்லுங்கள், ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடும்.

கோவை பிம் மாடலர் (கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடல் செய்பவர்):

க்யூஆர் வெறும் வாசல்தான், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்த பலவற்றில் கம்பெனி வெப்சைட்டின் புரோஷர்தான் திறக்கிறது. அடுத்த வருடம் அதே பக்கத்தில் புது மாடலின் விவரம் இருக்கும். நீங்கள் பொருள் வாங்கிய நாளில் கம்பெனி என்ன சொன்னதோ அந்தப் பதிப்பு அப்படியே நிற்க வேண்டும்.

நாங்கள் இங்கே உட்கார்ந்து இங்கிலாந்து கட்டடங்களுக்கு மாடல் செய்கிறோம். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீப்பிடித்து 72 பேர் இறந்த பிறகு, எந்தப் பொருள் எங்கே பொருத்தப்பட்டது, அதன் தீ சோதனை விவரம் என்ன என்பதைக் கட்டடம் இருக்கும் வரை டிஜிட்டலாக வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே சட்டம் வரைக்கும் போனது. ஐரோப்பிய யூனியனும் 2024இல் கொண்டுவந்த கட்டுமானப் பொருள் விதியில் டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்டைச் சேர்த்திருக்கிறது. அங்கே ஏற்றுமதி செய்யும் நம் ஊர்க் கம்பெனிகளும் இதற்குத் தயாராகித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். விவரத்தை இரண்டு ஷீட்டாகப் பிரியுங்கள். கட்டட விவரத்தை உரிமையாளரிடம் கொடுக்கும் கோபி (COBie) என்ற ஒப்படைப்பு முறையில் 'டைப்' ஒரு ஷீட், 'காம்பொனென்ட்' இன்னொரு ஷீட். முதலாவதில் மாடலுக்குப் பொதுவானவை: கம்பெனி, மாடல் நம்பர், கிரேடு, வாரண்டி. இரண்டாவதில் இந்தக் கட்டடத்துக்கு வந்தவை: சீரியல் நம்பர், பொருத்திய நாள், பொருத்திய இடம். அது பம்பு, கதவு மாதிரி பொருட்களுக்கு ஏற்பட்டது. கம்பிக்கும் சிமெண்டுக்கும் சீரியல் நம்பர் இல்லாததால் ஹீட் நம்பர், வாரம், பில் நம்பர் எல்லாம் அந்த இரண்டாவது ஷீட்டில் போகட்டும். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுக் குழப்புவதால்தான் ஒவ்வொரு லோடுக்கும் முதலில் இருந்து டைப் செய்கிறோம். இரண்டையும் இணைக்க ஒரே நம்பர் வேண்டும். பார்கோடு உள்ள பொருள் என்றால் அதன் 13 இலக்க ஜிடிஐஎன் போதும் (890இல் தொடங்கினால் இந்தியாவில் பதிவான கம்பெனி, இங்கேதான் தயாரானது என்று அர்த்தம் இல்லை). இல்லாவிட்டால் கம்பெனியின் சொந்தக் கோடு. பொருளின் பெயரை இணைப்பாக வைக்காதீர்கள், ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள்.

எண் தனி, யூனிட் தனி. ஒரு சர்டிபிகேட்டில் எம்பிஏ (மெகா பாஸ்கல்), இன்னொன்றில் நியூட்டன் பர் சதுர மில்லிமீட்டர், அளவு ஒன்றுதான். ஆனால் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தலைப்புகளை நீங்களாக உருவாக்காமல் கட்டடக்காரர்களிடமே கேளுங்கள். எந்தப் பண்பை எப்படி வரையறுப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 23386, பொருளுக்கான டெம்ப்ளேட்டுக்கு ஐஎஸ்ஓ 23387 இருக்கின்றன, அவர்கள் அதில் இருந்து எடுத்திருக்கலாம். சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை, ஒரு கூகுள் ஷீட் போதும்.

வேலந்தாவளம் கடைக்காரர்:

ரொம்ப நன்றிங்க. இரண்டு ஷீட் யோசனை புரிகிறது. ஆனால் டைப் செய்வது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே.

பாலக்காடு சைட் இன்ஜினியர்:

யாருமே டைப் செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி. மில் லேபுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஸ்பெக்ட்ரோ மெஷின் கார்பன், சல்பர் அளவையெல்லாம் கம்ப்யூட்டரில்தான் காட்டுகிறது. இழுத்துப் பார்க்கும் யூடிஎம்மும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான். எண்ணாகப் பிறந்த விவரத்தை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, படமாக மாற்றி, கடைசியில் உங்கள் கடையில் மறுபடி எண்ணாக மாற்றுகிறோம். இத்தனை கையில் ஒரு கை தவறினாலும் போச்சு. கையெழுத்துப் போட்ட பிடிஎஃப் சட்டத்துக்கு வேண்டும், அது இருக்கட்டும். கூடவே அந்த எக்செல் வரிசையையும் மில்லே நேராக அனுப்பட்டும்.

அதற்கு பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு ஹீட்டுக்கும் டெஸ்ட் ரிசல்ட் எக்செல் அல்லது சிஎஸ்வியில், லோடு கிளம்பும் முன் வர வேண்டும். கடையாகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். காண்ட்ராக்டர் பெயரையும் போட்டுக் கேளுங்கள், எங்கள் சைட்டில் அப்படித்தான் வர ஆரம்பித்தது.

வேலந்தாவளம் கடைக்காரர்:

சரி, அடுத்த ஆர்டர் 16 எம்எம், 20 எம்எம். அதிலேயே இந்த வரியைச் சேர்க்கிறேன். மில் என்ன பதில் சொல்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.