பத்தாண்டின் சிறந்த சிங்கிள் எது? உங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள்

ரயிலடி ரசிகன் (சுங்கை சிப்புட், மலேசியா)

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி. ரயிலடிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒட்டுக்கடையில் வழக்கமான கூட்டம். 2011 முதல் 2020 வரை வந்ததில் பத்து சிங்கிளை (தனியாக வெளியிட்ட பாட்டை) பொறுக்கி வரிசைப்படுத்துவது என்று உட்கார்ந்தோம். சட்டம் உங்களுக்கே தெரியும்: படம் வருவதற்கு முன்பு தனியாக வெளியாகியிருந்தால் சினிமாப் பாட்டும் சேர்த்தி. பாதிப் பேர் கொலவெறி என்றார்கள், மீதிப் பேர் ரவுடி பேபி. இங்கிலீஷ் பாட்டு மட்டும் கேட்கிற ஒருவன், அடெலின் 'ரோலிங் இன் த டீப்' இல்லாத பட்டியல் செல்லாது என்று நின்றான். அது 2010 கடைசியிலேயே வெளிவந்துவிட்டது, 2011இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தாலும் கணக்கில் வராது என்று அவனை உட்கார வைத்தோம்.

பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, மகன் ரொட்டி சானாய் பொட்டலம் வாங்கி வரட்டும் என்று காத்திருந்தார். கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய கை, பார்த்தாலே தெரியும். எங்கள் சத்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று திரும்பினார்.

"தம்பி, அந்த எஞ்சாமி பாட்டு ஒங்க லிஸ்டுல இல்லையா?"

"அது 2021 மார்ச்சுல வந்தது பாட்டி. கணக்குல வராது."

"எந்தக் கணக்குல?"

அவ்வளவுதான். மகன் வந்தார், பாட்டி எழுந்து போய்விட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் வேறு பேச்சு. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய அந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியை நினைத்துப் பிறந்தது. அதைக் கேட்ட நம் ஊர்ப் பாட்டியிடம் வருடக் கணக்கைக் காட்டி வாயை அடைத்தது சரியா?

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

கங்சார் அக்கா

தம்பி, வருடம் வருடம்தான். அதை மாற்றினால் எந்தப் பட்டியலுக்கும் அர்த்தமில்லை. என் ஓட்டு கொலவெறிக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

2011 நவம்பரில் நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியாத நேரத்தில் தொழிற்சாலை பஸ். முன்னால் மலாய்க்காரக் காக்காக்கள் (அக்காமார்), நடுவில் நாங்கள், பின்னால் நேப்பாளத்துப் பையன்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசவே மாட்டோம், தூக்கம்தான். ஒரு நாள் பின்னால் ஒரு நேப்பாளப் பையன் கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டான். முன்சீட்டு காக்கா ஒருத்தர் தலையைத் திருப்பாமலேயே ராகத்தை முணுமுணுத்தார். ஓட்டுநர் பாச்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) வானொலியை அணைத்தார், அந்தப் பையனின் பாட்டு முன்னால் வரைக்கும் கேட்கட்டும் என்று. அதுவரை அந்த பஸ்ஸில் யாரும் யாருக்காகவும் வானொலியை அணைத்ததில்லை.

படம் மறுவருடம் மார்ச் கடைசியில்தான் வந்தது. அந்த பஸ்ஸில் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. பாட்டு மட்டும் தனியாக வந்து, தனியாகவே நின்றது. சிங்கிள் என்றால் அதுதான்.

செம்பனை நிழல்

அக்கா சொல்வதை மறுக்கிறேன். ஒரு பஸ்ஸை வைத்துப் பத்தாண்டை அளக்க முடியாது. யூடியூபில் நூறு கோடி பார்வை தொட்ட முதல் தமிழ்ப் பாட்டு ரவுடி பேபி. 2020 நவம்பர் 16. கொலவெறி வெளியாகி ஒன்பது வருடம் முடிந்த அதே நாள், தனுஷே அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இரண்டிலும் தனுஷ் குரல் உண்டு, அதனால் அவருடைய இரண்டு பாட்டில் எது பெரியது என்பதுதான் கேள்வி.

என் அனுபவம் சின்னது. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் என் தங்கை மகள் இந்தப் பாட்டுக்கு ஆடினாள். பாதியில் ஸ்பீக்கர் போய்விட்டது. மேடையில் பிள்ளைகள் நிற்கவே இல்லை, கீழே இருந்த பெற்றோர் எல்லாரும் தாளம் தட்டி முழுப் பாட்டையும் முடித்து வைத்தார்கள். தாளம் அவ்வளவு பேருக்கு மனப்பாடம். வேறு எந்தப் பாட்டுக்கு அது நடக்கும், சொல்லுங்கள்.

இரவுச்சந்தை

எல்லாரும் சென்னைப் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் நாட்டுப் பாட்டு எங்கே?

சில வருடங்களுக்கு முன்பு இங்கே பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சிடி விற்கிறவரிடம் போய், உள்ளூர்க் கலைஞர் ஆல்பம் இருக்கிறதா என்று கேட்டேன். மேசை நிறையப் புதுப்பட சிடி. அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். அதில் இருந்தது எல்லாம் நம் ஆட்கள். "கேட்டா மட்டும் எடுப்பேன் தம்பி, மேல வெச்சா எடத்த அடைக்குது" என்றார். மழை ஈரத்தில் பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது. அந்தப் பெட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யோகி பி 90களிலேயே பொயட்டிக் அம்மோ குழுவோடு நான்கு மொழியில் ராப் பாடியவர். 2006இல் நட்சத்திரா குழுவோடு 'வல்லவன்' ஆல்பம் கொடுத்தார். அதற்கு அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் எஸ்.பி.பி. பக்கத்தில் அவர் குரல். 2017இல் 'விவேகம்' படத்தில் 'சர்வைவா'. 2016 'கபாலி'யில் 'உலகம் ஒருவனுக்கா' பாட்டில் ராப் வரும் இடத்தைக் கேளுங்கள், அது நம் ரோஷன் ஜாம்ராக். அந்தப் படத்துக்கு இசை சந்தோஷ் நாராயணன், எஞ்சாமிக்கும் அவரேதான். ஹேவொக் பிரதர்ஸ் பாட்டு இல்லாமல் நம் ஊரில் எந்த இளைஞர் காடி (கார்) ஓடுகிறது? இதெல்லாம் சென்னைக்குத் தெரிகிறது, சிப்புட் ஒட்டுக்கடைக்குத் தெரியவில்லையா?

அதனால் பட்டியல் போடுகிற தம்பிகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன். உள்ளூர்ப் பாட்டை வாட்ஸ்ஆப்பில் கோப்பாக அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள். கோப்பாகப் போனால் பாடினவனுக்கு ஒரு பார்வைகூடக் கணக்கில் ஏறாது. காணொளிக்குக் கீழே போட்டிருக்கும் பெயர்களைப் படியுங்கள், பாடலாசிரியர் யார், இசை யார், ஒலிக் கலவை (மிக்ஸிங்) செய்தது யார் என்று. அடுத்த பாட்டை அந்தப் பெயரை வைத்துத் தேடுங்கள். ராகா வானொலிக்கோ மின்னல் வானொலிக்கோ பாட்டு கேட்டு அழைக்கும்போது உள்ளூர்ப் பாட்டைக் கேளுங்கள், ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கேட்டால் போதாது, அம்மா, அக்கா எல்லாரும் கேட்கட்டும். கல்யாணத்துக்கு டிஜே பேசும்போதே உள்ளூர்ப் பாட்டுப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள், மண்டபத்தில் போய்க் கேட்டால் அவரிடம் இருக்காது. கலைஞர் நேரில் விற்கிற சட்டையோ சிடியோ இருந்தால் வாங்குங்கள், அதுதான் முழுதாக அவர் கைக்குப் போகும் காசு. பட்டியலில் குறைந்தது மூன்று இடம் உள்ளூருக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு மற்ற பாட்டுக்குச் சண்டை போடுங்கள். ஒதுக்காமல் விட்டால் கடைசியில் இடம் இருக்காது.

டியூஷன் டீச்சர்

இடம் ஒதுக்கி வைத்து யாரும் பாட்டை நேசிப்பதில்லை சார். நல்ல பாட்டு தானே இடம் பிடிக்கும்.

என் மாணவர்களோடு நடந்தது இது. 2017 ஜூலையில் 'டெஸ்பசீத்தோ' என்ற ஸ்பானிஷ் பாட்டை இங்கே அரசாங்க வானொலி நிலையங்கள் நிறுத்தின, வரிகள் ஆபாசம் என்று புகார் வந்ததால். தனியார் நிலையங்களுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்கப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. ஐந்தாம் படிவப் பையன் ஒருவன், தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவன், பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "டீச்சர், இதைவிட மோசமா எழுதின தமிழ்ப் பாட்டு எங்க வீட்டு ரேடியோவுல காலைலேருந்து ஓடுது. எங்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேக்கிறாங்க. அத ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?" வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

என் பட்டியலில் அந்தப் பாட்டு உண்டு. தமிழ் இல்லை என்பதற்காக எடுக்க மாட்டேன்.

உருமிக்காரன்

இங்கே எழுதுகிற பலர் பாட்டைக் கேட்கிறவர்கள். நான் அடிக்கிறவன். உருமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் வருகிற அந்த முனகல் எந்தப் பாட்டோடு சேருமோ அதுதான் எங்களுக்குப் பாட்டு. ரவுடி பேபி சேரும். கொலவெறி சேரும், ஆனால் நடையைக் கூட்ட வேண்டும். டெஸ்பசீத்தோவை ஒரு கல்யாணத்தில் முயன்றோம், அதுவும் நன்றாகவே வந்தது டீச்சர்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்று, பெயர் வேண்டாம். கித்தா போய்ச் செம்பனை வந்து, பிறகு நிலமும் கை மாறி, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். அதையும் நகர்த்தப் போகிறார்கள் என்ற நிலையில் ஒரு திருவிழா. தாமானுக்கு (புதுக் குடியிருப்புக்கு) குடிபோன குடும்பம் எல்லாம் அன்று திரும்பி வந்தது. தீமிதி முடிந்து, சாப்பாடும் முடிந்து, நாங்கள் சாமான்களை லோரியில் ஏற்றப் போகும்போது ஒரு ஐயா வந்து எஞ்சாமி அடியுங்கள் என்றார். நாங்கள் பழகாத பாட்டு. பம்பைக்காரப் பையன் தானாகவே தொடங்கினான், நான் பின்னால் பிடித்தேன். பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள், யாரும் சொல்லாமலே.

உடனே நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "கோயில்ல சினிமாப் பாட்டு கூடாதுன்னு சொல்லியிருக்கோமா இல்லையா? நிறுத்து!" தைப்பூசத்திலும் அதுதானே விதி, எங்களுக்குப் பழக்கம், கையை எடுத்துவிட்டோம். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், முன்னால் வந்து அவர் எதிரில் நின்றார்.

"இது சினிமாப் பாட்டு இல்லண்ணே. எந்தப் படத்துலயும் வரல. தனியா வந்த பாட்டு."

பெரியவர் எங்களைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் நின்றார். "அப்ப அடி" என்று சொல்லிவிட்டு அவரே தூணோரமாகப் போய் நின்றுகொண்டார். அந்த ராத்திரி எவ்வளவு நேரம் அடித்தோம் என்று தெரியாது, கை மரத்துப் போனது.

சிங்கிள் என்றால் என்ன என்று மேலே சண்டை போட்டீர்களே. அந்த அம்மா சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய ஒலிநாடா

உருமிக்காரத் தம்பிக்கு வணக்கம். ஆனால் கோயில் விதி விதியாகவே இருக்க வேண்டும். சினிமாவில் வராவிட்டாலும் அது பக்திப் பாட்டு ஆகிவிடாது. பெரியவர் இளகியது அவருடைய நல்ல மனசு.

இரவுச்சந்தைத் தம்பி உள்ளூர்ப் பாட்டு என்றால் ராப் மட்டும் என்று நினைக்கிறார். பினாங்கிலிருந்து லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் ஆலிகேட்ஸ் என்ற குழுவாகக் கிளம்பி மலாய்ப் பாட்டால் நாட்டையே பாட வைத்தார்கள். லோகநாதன் 2007இல் காலமானபோது நான் வேலை பார்த்த தோட்ட அலுவலகத்தில் மலாய்க்காரக் கிராணி (குமாஸ்தா) ஒருவர் அழுததைப் பார்த்தேன். ஒரு தமிழனுக்காக அவர் அழுதார், பக்கத்தில் நான் கண் கலங்காமல் நின்றேன். அதுதான் என் அனுபவம், வேறில்லை.

இன்னொன்று. வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த நாடாவை நல்ல இயந்திரத்தில் போடாதீர்கள், ஹெட்டில் (நாடா உரசி ஒலி எடுக்கும் பாகத்தில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், துணியால் அல்ல. கேசட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று போடுங்கள். ஸ்பீக்கர், டிவி பக்கத்தில் வைக்காதீர்கள். வருடத்தில் ஒரு தடவையாவது முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், பாட்டே போய்விட்டது என்று குப்பையில் போடாதீர்கள். அதே மாதிரி வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

ரயிலடி ரசிகன்

உருமிக்கார அண்ணே, நீங்கள் எழுதியதை ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அடெல் பையன்கூட மறுபடி படிக்கச் சொன்னான்.

ஒலிநாடா ஐயா, கோயில் விதியைப் பற்றி உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் எஞ்சாமியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் இல்லாமல் வந்தது, இயக்குநர் பா. ரஞ்சித் கண்டித்த பிறகு அறிவை வைத்து வேறு அட்டை இணையத்தில் வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். தோட்டத்து உழைப்பைப் பாடிய பாட்டுக்கே இந்தக் கதி. அதனால்தான் அதை எந்தப் பத்தாண்டில் போடுவது என்பதைவிட, போடும்போது யார் யார் பெயரை எழுதுகிறோம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பாட்டுப் பெயர் மட்டும் எழுதிய பட்டியல் எதையும் இனி ஏற்பதில்லை.

இரவுச்சந்தை

இதைத்தானே நானும் சொன்னேன், காணொளிக்குக் கீழே இருக்கும் பெயர்களைப் படியுங்கள் என்று.

ஒலிநாடா ஐயா, ராப் மட்டும் உள்ளூர் என்று நான் எங்கும் எழுதவில்லை. உங்களிடம் ஆலிகேட்ஸ் கேசட் நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பழைய கேசட் டெக் இருக்கிறது, ஹெட் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது எடுத்து வாருங்கள், கணினியில் ஏற்றித் திருப்பிக் கொடுக்கிறேன். கம்பளித் துண்டு விழுந்ததையும் கொண்டு வாருங்கள், உதிரி இருக்கிறது.